ரத்தம் அதிகம் என்றார்கள்

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்கலாம். பத்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டுதான். நாலு பேர் கூடிய இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. டாக்டர்கள் சொன்னதில் எனக்குப் புரிந்ததை மட்டும் எழுதுகிறேன். தப்பிருந்தால் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் நாத்தனாரைப் போன்ற பிள்ளைகள் இருக்கும் வீட்டில் யாராவது ஒருவர் படித்தாலும் போதும் என்றுதான் உட்கார்ந்தேன்.

என் நாத்தனார் பெயர் தேன்மொழி. தேனு என்போம். முப்பது வயதைத் தாண்டிவிட்டாள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவள். உடம்பின் ஒவ்வொரு அணுவிலும் பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதற்கு அந்தப் பெயர். நான் காடாம்புலியூரிலிருந்து கல்யாணமாகி வந்தபோது அவள் பாவாடை சட்டையில் வாசலில் நின்று, "நீ எங்க வூட்லயே தூங்குவியா?" என்று கேட்டவள். மாமியார் போன பிறகு அவள் என்னுடன்தான் படுக்கிறாள்.

மாமனார் நிலக்கரிச் சுரங்கத்தில் பெர்மனென்ட்டாக இருந்தவர். அவர் ரிடையர் ஆனதும் குவார்ட்டர்ஸை விட்டு டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு காலனியில் வாடகைக்கு வந்தோம். என் வீட்டுக்காரர் ஏழுமலை அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட். தேனுவிடம் யார் கேட்டாலும் இன்றைக்கும் பழைய குவார்ட்டர்ஸ் பிளாக்கைத்தான் தன் வீடு என்பாள். யாரைப் பார்த்தாலும் அவள் முதலில் கேட்பது "சாப்ட்டியா?" என்பதுதான். கலெக்டர் வந்தாலும் அதையே கேட்பாள்.

அவள் இதயத்தில் பிறவியிலேயே ஓட்டை. அது தெரிந்தபோது ஆபரேஷன் செய்யும் காலம் கடந்துவிட்டது என்றார்கள். நுரையீரலுக்குப் போகும் குழாயில் அழுத்தம் ஏறிவிட்டதாம். நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் ஓட்டை வழியாகக் கலந்துவிடுவதால் அவள் உதடும் நகமும் எப்போதும் நாவல்பழம் தின்றது போல நீலமாக இருக்கும். மாடிப்படி ஏற முடியாது. மற்றபடி வெங்காயம் உரிப்பாள், துணி மடிப்பாள், என்னைக் கிண்டல் செய்வாள்.

சில வருடங்களுக்கு முன் அவளுக்குத் தலைவலி வர ஆரம்பித்தது. பக்கத்து ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் மிகவும் அதிகம், ரத்தம் கெட்டியாக இருக்கிறது, கொஞ்சம் எடுத்துவிட வேண்டும் என்றார்கள். ரத்ததானம் செய்வது போலப் படுக்க வைத்து ஒரு பை எடுத்தார்கள். இரண்டு நாள் தெளிவாக இருந்தாள். சில மாதத்தில் தலைவலி மறுபடி வந்தது. மறுபடி எடுத்தார்கள். அப்படியே அது வழக்கமாகிவிட்டது. தலைவலி என்றால் கிளம்பிப் போய் ரத்தம் எடுத்துக்கொண்டு வருவோம். அந்த ஆஸ்பத்திரியின் வாசல்படியைப் பார்த்தாலே தேனு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். "எங்கிட்ட ரத்தம் இல்ல. போ" என்பாள். நர்ஸுகள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ரத்தம் அதிகம் என்று தெரிந்த வீட்டில் என்ன செய்வார்கள்? ரத்தம் ஊறும் என்று சொல்கிற எல்லாவற்றையும் நிறுத்தினோம். முருங்கைக்கீரை இல்லை. கேழ்வரகு இல்லை. பேரீச்சம்பழம் இல்லை. என் அம்மா வீட்டிலிருந்து வரும் முந்திரியைக்கூட எட்டாத உயரத்தில் வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை ஈரல் வறுக்கும்போது அடுப்பங்கரையிலேயே நிற்பாள். "எனக்கு?" என்பாள். எதிர் வீட்டு சரோஜா அக்காதான் அவளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போவாள். "இருக்கற ரத்தத்துக்கே எடம் இல்லாம எடுத்துகினு இருக்காங்க, உனக்கு ஈரல் வேற கேக்குதாடி?" என்பாள். அன்போடு சொல்வதுதான். தேனுவுக்கு ரசம் சோறும் அப்பளமும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனைத் தாளில் எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கும். ஒரு சிவப்பணு சராசரியாக எவ்வளவு பருமன் என்று காட்டும் எண் அது. தேனுவுக்கு ஆரம்பத்தில் அது எப்போதும் அதிகமாகவே இருந்தது. பி12 ஊசி போட்டுப் பார்த்தார்கள், அசையவில்லை. பிறகு வந்த பரிசோதனைகளில் அந்த எண் தானாகவே இறங்கி, சரியான அளவுக்குள் வந்துவிட்டது. "அணுவு சரியாயிடுச்சாம்" என்று ஏழுமலை வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார். அன்று பாயசம் வைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அவள் திருநீறு தின்னத் தொடங்கினாள்.

முதலில் நெற்றியில் வைத்த மிச்சத்தை விரலோடு நக்கினாள். பிரசாதம்தானே என்று விட்டுவிட்டோம். பிறகு சாமி மாடத்தில் இருக்கும் கிண்ணம் காலியாக ஆரம்பித்தது. தெருக்கோடியில் இருக்கும் அம்மன் கோயிலுக்குத் தானாகவே போய் உட்கார்ந்துகொள்வாள். பூசாரி அவளுக்கென்று தனியாகப் பொட்டலம் மடித்து வைப்பார். எங்கள் பக்கம் இவளைப் போன்றவர்களைத் தெய்வக் குழந்தை என்பார்கள். இப்போது அந்தத் தெய்வக் குழந்தை சாமியைவிட்டு நகரமாட்டேன் என்கிறதே! தெருவே மெய்சிலிர்த்தது. காய்ச்சல் வந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் வந்தார்கள். கான்ட்ராக்டிலிருந்து பெர்மனென்ட் ஆக வேண்டும் என்று ஒருவர் மாதக்கணக்கில் வந்தார். தேனு எல்லோருக்கும் பட்டையாகப் பூசிவிட்டு, "சாப்ட்டியா?" என்று கேட்டு, விரலை வாயில் வைத்துக்கொள்வாள். வெள்ளிக்கிழமைகளில் அவள் முன்னால் வரிசை நின்றது. பிறந்ததிலிருந்து அவளைப் பார்த்து உச்சுக்கொட்டியவர்கள் கைகூப்பி நின்றார்கள். ஏழுமலைக்கு அதில் எவ்வளவு ஆறுதல் என்று எனக்குத் தெரியும்.

அவளோ நாளுக்கு நாள் சோர்ந்தாள். கோயிலுக்குப் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டியிருந்தது. சாமி பாரம் என்றார்கள்.

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் நான் கோயிலுக்குப் பின்னால் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று குலவைச் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தேன். தேனு ஒரு கைக்குழந்தைக்குப் பூசப் போன கை அப்படியே சரிந்து மடியில் கிடந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வாய் கோணியிருந்தது. ஏதோ பேச முயன்றாள், வார்த்தையாக வரவில்லை. பெண்கள் சுற்றி நின்று குலவையிட்டார்கள். யாரோ கற்பூரம் கொளுத்தினார்கள்.

"அருள் வந்துடுச்சு! அம்மா, இன்னா வேணும் சொல்லு தாயி!"

நான் உள்ளே நுழைந்து அவள் தோளைப் பிடித்தேன். சரோஜா அக்கா என் கையைத் தட்டிவிட்டாள். "தொடாதடி. தானா எறங்கட்டும். நடுவுல தொட்டா ஆவாது." தேனுவின் கண் என்னையே பார்த்தது. "அவளுக்கு என்னவோ ஆவுதுக்கா" என்றேன். குலவையில் அது யாருக்கும் கேட்கவில்லை. கற்பூரத் தட்டை அவள் முகத்துக்கு முன்னால் சுற்றினார்கள். உடுக்கையும் எடுத்துவிட்டார்கள். பாவாடை நனைந்து தரையில் ஈரம் பரவியதைப் பார்த்த பிறகுதான் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கடைசியாக நின்றது உடுக்கை.

பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஆம்புலன்ஸில் அவள் இடது கை என் கட்டைவிரலை விடவே இல்லை.

தலையை ஸ்கேன் எடுத்துவிட்டு, மூளையில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, வலது கையும் பேச்சும் பாதிக்கப்பட்டிருக்கிறது என்றார்கள். பக்கவாதம். எப்போது ஆரம்பித்தது என்று ஒவ்வொரு டாக்டரும் கேட்டார். குலவை போட்ட நேரத்தை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார். "சீக்கிரம் வந்திருந்தாலும் இவங்க இதயத்துக்கு அடைப்பு கரைக்கிற ஊசி போட யோசிச்சிருப்போம்" என்று ஒரு டாக்டர் சொன்னார். எங்களுக்காகத்தான் அப்படிச் சொன்னாரோ என்று இன்றும் நினைப்பேன்.

பொது வார்டில் எங்களுக்கு ஒரு கட்டில் கிடைத்தது. ஏழுமலைக்கு லீவு கிடையாது. வேலைக்குப் போகாத நாள் கூலி இல்லாத நாள். அவர் போய்ப் போய் வந்தார். நான் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்தேன். டாக்டர்கள் கூட்டமாக வந்து இங்கிலீஷில் பேசிவிட்டுப் போவார்கள். கேள்வி கேட்க வாய் எடுப்பதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பார்கள். பக்கத்துக் கட்டிலில் மேல்பட்டாம்பாக்கத்து ஜமீலா அக்கா தன் மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் எனக்காகவும் கேட்பார். "டாக்டரே, இந்தப் புள்ளைக்கு எப்ப பேச்சு வரும்னு இவங்க கேக்குறாங்க." நான் கேட்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்து அவரே கேட்டார். அவர் மகன் கொண்டுவரும் கஞ்சியில் எங்களுக்கும் ஒரு டம்ளர் வந்துவிடும்.

முதல் வார்த்தை வந்தது அவரிடம்தான். தேனு வாயைக் கோணிக்கொண்டு அவரை வெகுநேரம் பார்த்துவிட்டு, "சா...ட்டியா?" என்றாள். ஜமீலா அக்கா, "சாப்ட்டேன்டி என் கண்ணு, நீதான் சாப்டல" என்று முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டார்.

ஆனாலும் அவள் தேறவில்லை. மூச்சு வாங்கியது. இன்னொரு அடைப்பு வந்தால் தாங்கமாட்டாள் என்று டாக்டர் ஏழுமலையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். மறுபடியும் ரத்தம் எடுக்க வேண்டியிருக்குமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவள் ஹீமோகுளோபின் பதினாறு. எந்த ஆம்பிளைக்கும் போதுமான அளவு.

அந்த வாரத்தில் சரோஜா அக்கா பார்க்க வந்தாள். அன்றைக்கு நடந்ததற்குப் பரிகாரம் செய்து, கோயில் திருநீற்றை ஒரு பொட்டலமாகக் கொண்டு வந்திருந்தாள். அழுதுகொண்டே தேனுவின் நெற்றி நிறையப் பூசினாள். தேனு இடது கையால் நெற்றியை வழித்தாள். வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு எட்டி, சரோஜா அக்காவின் நெற்றியிலிருந்த பட்டையையும் வழித்துத் தின்றாள்.

வார்டே சிரித்தது. அப்போதுதான் ரவுண்ட்ஸ் வந்த சின்ன வயது டாக்டரம்மாவிடம் சரோஜா அக்கா பெருமையாகச் சொன்னாள்: "பாருங்கம்மா, இந்த நெலமையிலயும் துன்னூறுதான் கேக்குது. எங்க தெருவுக்கே சாமி இதுதான்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "எவ்வளவு நாளா இப்படி சாப்பிடுறாங்க?"

"அது ஆச்சு, ரெண்டு மூணு வருசம். கிண்ணம் கிண்ணமா தின்னும்."

"வேற ஏதாவது? பச்சரிசி, சுண்ணாம்பு, மண்ணு?"

சரோஜா அக்கா என்னைப் பார்த்தாள். டாக்டரம்மாவும் என்னைப் பார்த்தார். சுவர் ஓரம் பெயர்ந்த காரையையும் தேனு தின்பாள். அதைச் சொன்னேன். ரத்தம் எடுத்ததைக் கேட்டார், சொன்னேன். கீரை, ஈரல் நிறுத்தியதைச் சொன்னேன். அந்த ஆஸ்பத்திரியில் நான் அதிகம் பேசியது அன்றுதான்.

அவர் ஃபெரிட்டின் என்று ஒரு பரிசோதனை எழுதினார். உடம்பு தன் சேமிப்பில் எவ்வளவு இரும்புச்சத்து வைத்திருக்கிறது என்று காட்டுவது அது. முடிவு வந்தபோது கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தமிழில், நிதானமாகச் சொன்னார். தேனுவின் உடம்பில் சேமிப்பே இல்லை. வழித்தெடுத்த பானை மாதிரி இருக்கிறது என்றார்.

"ரத்தம் அதிகம்னு சொன்னாங்களே டாக்டர்?" என்றார் ஏழுமலை.

"நமக்கு அதிகம். அவங்களுக்கு இல்லை. அவங்க ரத்தத்துல காத்து குறைவாதான் கலக்குது. அதை ஈடுகட்ட உடம்பு நிறைய சிவப்பணு செஞ்சுக்குது. அவங்களுக்கு இருபது இருந்தாதான் சரியா இருக்கும். பதினாறுங்கிறது அவங்களுக்கு ரத்த சோகை."

"அணுவு அளவுகூட சரியா இருந்துச்சுங்களே. தாள்ல நானே பாத்தேன்."

"அதுதான் ஏமாத்திடுச்சு. டவுன் சிண்ட்ரோம் இருக்கிற பல பேருக்குச் சிவப்பணு இயல்பாவே கொஞ்சம் பெருசா இருக்கும். அது நோய் இல்லை, அவங்க உடம்பு வாகு. இரும்புச்சத்து குறைஞ்சா அணு சின்னதாகும். நல்லா பருமனா இருக்கிற ஒருத்தர் பட்டினி கிடந்து மெலிஞ்சு போனா, முன்னபின்ன பாக்காதவங்களுக்கு அளவான ஆளாத்தானே தெரியும்? அந்த மாதிரி. மெஷினுக்கு முன்னபின்ன தெரியாதில்ல. சரின்னு போட்டுடும்."

ரத்தம் எடுக்க எடுக்க இரும்பும் கூடவே போனது. இரும்பு குறைந்தாலும் தலைவலி வரும், சோர்வு வரும். அதை ரத்தம் கெட்டியானதால் வந்தது என்று நினைத்து இன்னும் எடுத்தோம். இரும்பில்லாத அணு விறைப்பாகி, சின்னக் குழாய்களில் வளைந்து போக முடியாமல் போகலாம். அதனால்கூட அடைப்பு வந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். திருநீறும் காரையும் தின்னத் தோன்றுவது இரும்புச்சத்து இல்லாத உடம்பு காட்டும் அடையாளமாம். மாசமாக இருக்கும் பெண்கள் சாம்பல் தின்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் தேனுவைப் பார்த்தபோது எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. சாமிதான் தோன்றியது.

ஏழுமலை வெளியே போய்விட்டார். நெடுநேரம் கழித்து, ஆஸ்பத்திரி வாசல் கடையில் ஈரல் வறுவல் வாங்கிக்கொண்டு வந்தார். தேனு இடது கையால் எடுத்துத் தானே தின்றாள். மூன்றாவது துண்டை எடுத்து அவரிடம் நீட்டி, "சா...ட்டியா?" என்றாள். அவர் வாங்கி வாயில் வைத்துக்கொண்டு, மெல்லாமலே உட்கார்ந்திருந்தார்.

இரும்பு மாத்திரை கொஞ்ச அளவில் தொடங்கினார்கள். ஒரேயடியாகக் கொடுத்தால் அவளுக்கு ரத்தம் சட்டென்று ஏறிவிடும், அதுவும் ஆபத்து. அடிக்கடி பரிசோதித்து ஏற்ற வேண்டும். மாத்திரையால் மலம் கறுப்பாகப் போகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். தேனு அதைக் குனிந்து பார்த்துவிட்டு, குழறலாக, ஆனால் வார்டு முழுவதும் கேட்கும்படி கத்தினாள்: "அண்ணே! எனக்கும் மைன்ஸ் வந்துடுச்சு!" நான் வெட்கத்தில் திரும்பிக்கொண்டேன். ஜமீலா அக்கா சிரித்துச் சிரித்துப் புரையேறி, தன் மாமியாரின் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

எங்களுக்கு முன்பே அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மாமியார் பிழைக்கவில்லை. போகும்போது ஜமீலா அக்கா தேனுவின் தலையைத் தடவிவிட்டு, கஞ்சித் தூக்கை எங்களிடமே விட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து மாதங்கள் ஆகின்றன. தேனுவின் பேச்சு முக்கால்வாசி வந்துவிட்டது. வலது கை விரல்கள் மடங்கியே இருக்கின்றன; வெங்காயம் உரிக்க முடியாது. இதயத்து ஓட்டைக்குச் செய்ய ஒன்றும் இல்லை. நாங்கள் செய்தது இல்லாத கஷ்டத்தைக் கூட்டியது. அதை இப்போது குறைத்திருக்கிறோம், அவ்வளவுதான். இப்படிப் பிள்ளை உள்ளவர்கள் தாளில் அணு அளவு சரி என்று போட்டிருந்தால் அதோடு விட்டுவிடாமல், இரும்புச் சேமிப்பையும் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். டாக்டரைக் கேட்காமல் நீங்களாக மாத்திரையும் கொடுக்காதீர்கள், சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள்.

திருநீற்றை நாங்கள் ஒளித்து வைக்கவில்லை. மாத்திரை ஏற ஏற அவளே கேட்பதை விட்டுவிட்டாள். சாமி மாடத்துக் கிண்ணம் நிரம்பியே கிடக்கிறது.

போன வியாழக்கிழமை சரோஜா அக்கா ஒரு பெண்ணையும் காய்ச்சல் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தாள். தட்டில் திருநீறு வைத்து நீட்டினாள். தேனு குழந்தையைப் பார்த்து, "சாப்ட்டியா?" என்றாள். தட்டை இடது கையால் தள்ளினாள். "வேணாம். மண்ணு."

சரோஜா அக்காவின் முகம் வாடிவிட்டது. வாசலில் நின்று அந்தப் பெண்ணிடம் தணிந்த குரலில் சொன்னாள்: "சாமி எறங்கிப் போயிடுச்சு போலக்கீது. ஆசுபத்திரி போய் வந்ததிலிருந்தே மொகத்துல அந்தக் களை இல்ல."

"கொழந்தைய டாக்டர்கிட்ட கூட்டிகினு போங்க" என்றேன். இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் குழந்தையின் தலையைத் துணியால் மூடிக்கொண்டு போனாள். சாயங்காலம் வழக்கமாகத் தேனுவைப் பார்க்க வருகிற யாரும் வரவில்லை. அவள் வாசலில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பாண்டிச்சேரிக்கு ரிவ்யூவுக்குப் போனோம். இரும்புச் சேமிப்பு ஏறியிருக்கிறது, மாத்திரையைக் குறைக்கலாம் என்றார்கள். எக்கோ என்று இதயத்தை ஸ்கேன் எடுத்ததில், ஓட்டை உள்ள அந்த இதயம் முன்பைவிட வீங்கியிருந்தது.